இருபத்தைந்து சென்ட்

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்கிறார்கள்.
எல்லோருக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.
ரயில் வராத ரயில் நிலையத்தில்
கிரீச்சிடும் மின்விசிறியின் கீழ் என் மேசை.
யூலாலியா பஸ்தமாந்தே, தகவல்,
என்கிறது பித்தளைப் பலகை.
வரைபடத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன்.

முதலில் தேவாலயம். இப்போதே போய்விடுங்கள்,
மதியமானால் அந்தச் சுண்ணாம்பு வெள்ளை
கண்ணைத் திறக்க விடாது.
உள்ளே மரப் புனிதரின் போர்வை முழுக்க
ஊக்குகளில் குத்திய தகரத் துண்டுகள்:
கை, கால், இருதயம்,
விரல் நீளத்தில் ஒரு பிக்கப் லாரி.
லாரி திரும்பக் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.
கிடைக்கவில்லை.

பிறகு மேற்கே, சாகுவாரோ கள்ளிகள்.
முதல் கை முளைக்கவே அதற்கு
ஒரு மனித ஆயுள் பிடிக்கும்.
அதன் அடியில் நின்று இரு கையையும் தூக்கிப்
படம் எடுத்துக்கொள்வீர்கள், தெரியும்.
கொஞ்சம் கூச்சத்தோடு எடுங்கள்.
கழியோடு யாராவது பழம் உதிர்த்துக்கொண்டிருந்தால்
அது வெர்லீன் அன்டோனாக இருக்கும்,
டொஹோனோ ஆதாம் பெண், என் சிநேகிதி.
பிளந்த முதல் பழத்தோலைச்
சிவந்த உட்புறம் வானம் பார்க்கத்
தரையில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள்.
மழைக்கு வழி தெரியவேண்டுமாம்.
அவளைப் படம் எடுக்காதீர்கள்.
குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

"அந்தப் பெரிய பள்ளம்?" என்கிறார் கணவர்.
தொப்பியில் இன்னும் விலைச்சீட்டு தொங்குகிறது.

ஆமாம், பள்ளம்.
ஒரு மைல் அகலம். படிப்படியாய் இறங்கி
யாரும் குளிக்காத பச்சைத் தண்ணீரில் முடியும்.
செம்பு தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள்.
வேலியோரம் காசுத் தொலைநோக்கி உண்டு,
இருபத்தைந்து சென்ட்டுக்குத் தொண்ணூறு நொடி.
காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்.

இவ்வளவுதான் சொல்வது வழக்கம்.

தொலைநோக்கியை இடப்பக்கம் திருப்பினால்
மூன்றாவது படிக்கு நேர் மேலே,
வெறும் காற்றில்,
எங்கள் சமையலறை இருக்கிறது என்று சொல்வதில்லை.
ஒலிவத் தெரு, எண் நாற்பத்தொன்று.
மரவீடுகளைச் சக்கரம் கட்டி நகர்த்தினார்கள்.
எங்களுடையது மண்வீடு. மண் நகராது என்றார்கள்.
நகர்ந்தது,
லாரி லாரியாக.

அள்ளும் யந்திரத்தை ஓட்டியவர் என் அப்பா.
அந்த வாரம் இரட்டைக் கூலி;
வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.
எனக்கு ஏழு வயது.
சக்கரக் காலணி வாங்கித் தந்தார்.
சிவப்பு வார் வைத்தது.
புதுத் தெருவின் புதுச் சிமெண்டில்
இருட்டும்வரை ஓட்டினேன்,
அவ்வளவு சந்தோஷம்,
இன்றைக்கும் அதற்கு ஒரு பெயர்
வைக்க முடியவில்லை.

"உங்களுக்கே இரண்டு மணி நேரம்தான் இருந்தால்
எதைப் பார்ப்பீர்கள்?"
கேட்டது மனைவி. மூக்குரிந்த வெயில் முகம்.
பதினொரு வருடமாய் இந்த மேசையில்
யாரும் கேட்டதில்லை.

ஜூலை முதல் மழைக்குப் பின்
கடைவாசல் குட்டைகளில் வந்து கத்தும் தவளைகளை,
என்று ஆரம்பிக்கிறேன். வருடத்தில் பாதிக்கு மேல்
மண்ணுக்குள் கிடந்துவிட்டு,
ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும்...
ஆனால் இன்று மழை இல்லை.
இந்த மாதமே இல்லை.

மேசை அறையை இழுத்து
ஒரு கால் டாலரை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைக்கிறேன்.
"இடப்பக்கம் திருப்புங்கள்.
ஒன்றும் இருக்காது.
பிணந்தின்னிக் கழுகு ஏதாவது
அடுப்பைக் கடந்து போகலாம்."

அடுப்பா, என்று அவள் கேட்பதற்குள்
அடுத்து நிற்பவருக்குக்
கழிப்பறை எங்கே என்று தெரியவேண்டும்.

வலப்பக்கம் ஐயா.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பச்சைக் கல் இருக்கும்,
அதைத் தாண்டி.